தொங்காட்ட (ஊன்றுகோல) கீழ வெச்சப்பறம்தான் எனக்கு தலை கெட்டுச்சு

கால் எலும்பு உடைஞ்சு கம்பி வெச்சவங்க யாராச்சும் வீட்டுல இருந்தா இத படிங்க, முக்கியமா நடக்க ஆரம்பிச்சிட்டவங்க. படுக்கையில கெடந்த வரைக்கும் எனக்கு மனசுக்கு ஒன்னும் ஆகல. நல்லா ஆயிட்டு வர்றேன்னு எல்லாரும் சொன்னப்போதான் ஆச்சு.

பினாங்குல பாயான் லெப்பாஸ் பெக்டரிக்கு நைட் ஷிப்ட் போறப்போ மோட்டோர் சைக்கிள்ல அடிபட்டேன், முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டா போச்சு, ஒப்பரேஷன் பண்ணி உள்ள கம்பி விட்டாங்க. அந்த கதை போதும். அப்போ ஆயர் ஈத்தாம்ல எங்க வீடு கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு, மைலோ டின்னும் ஆரஞ்சும் வெக்க எடமில்ல, அத்தை சித்தி கம்பெனி ஆளுங்கன்னு வந்துக்கிட்டே இருந்தாங்க. வேலைக்குப் போற வழியில அடிபட்டாலும் சொக்சோ (தொழிலாளிங்களுக்கு உள்ள அரசாங்க காப்புறுதி) இருக்குன்னு எச்ஆர் அக்கா சொல்லி, போலிஸ் ரிப்போர்ட், போரங் 34ங்கற கிளைம் பாரம், எம்சி (டாக்டர் குடுக்குற லீவு சீட்டு) எல்லாம் எங்க வீட்டுக்காரர் ஓடி ஓடி சேத்தாரு. எம்சியில இருக்குற நாளுக்கு தினச் சம்பளத்துல 80 சதவீதம் கணக்கு பண்ணுவாங்க. ஆனா ஓவர்டைமும் ஷிப்ட் அலவன்சும் வாங்கி பழகுன வீட்டுக்கு அதுல எவ்ளோ இடிக்கும்னு உங்களுக்கே தெரியும்.

அப்புறம் ஒத்த தொங்காட்டுல நடந்தேன், அதையும் விட்டேன், வர்றவங்களும் நின்னுட்டாங்க. வீட்டுக்காரர் வேலைக்கு, பிள்ளைங்க ஸ்கூலுக்கு, நானும் டிவியும் மட்டும். ராத்திரி மூனு மணிக்கு முழிச்சா அதோட சரி, வெளிய லோரி ஹோன் அடிச்சா நெஞ்சு படபடன்னு அடிக்கும், குளிக்கவே தோணாது, சின்னவன் பால் கொட்டுனதுக்கு நான் அழுதேன்னா பாத்துக்கோங்க. மாமியார் கெட்டவங்க இல்ல, ஆனா ஒரு நாள் “காலு போகாம முருகன் காப்பாத்துனாரே, இன்னும் ஏம்மா மூஞ்ச தூக்கி வெச்சிருக்க”ன்னு கேட்டாங்க, அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் ஒன்னும் சொல்றதில்ல. நம்ம ஆளுங்ககிட்ட மனசு சரியில்லன்னா உடனே “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பட்டா”ன்னு ஜோக் வேற. அங்க இருக்குற மனநல ஆஸ்பத்திரியும் ஒரு ஆஸ்பத்திரிதான், அதுல சிரிக்க என்ன இருக்குன்னு எனக்கு இன்னும் புரியல.

கடைசியில கேட்டது பிசியோ பண்ற பொண்ணுதான். கால மடக்கிக்கிட்டே “கக்கா (அக்கா), தூக்கம் எப்படி?”ன்னு ஒரு கேள்வி, நான் ஓன்னு அழுதுட்டேன். சும்மா விடாம கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்க கிளினிக்ல, காட்ட சொன்னா. நான் என்னமோ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னு நெனச்சேன், வேணாம்லா, பிரஷருக்கு இனிப்புநீருக்கு போற அதே கிளினிக்தான், அதே ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம்தான். மிசி (நர்ஸ்) ஒரு பாரம் குடுத்தாங்க, டாஸ்னு பேரு, 21 கேள்வி, போன ஒரு வாரத்துல இது எவ்ளோ இருந்துச்சுன்னு 0ல இருந்து 3 வரைக்கும் வட்டம் போடணும். டிப்ரெஷன், எங்சைட்டி, ஸ்ட்ரெஸ் மூனையும் தனித்தனியா கூட்டுவாங்க. அத வெச்சு மட்டும் முடிவு பண்ணல, டாக்டர் நல்லா உக்காந்து பேசுனாங்க. எக்சிடண்ட் ஆன முதல் மாசம் கெட்ட கனவு, திடுக்குன்னு தூக்கி போடுறது எல்லாம் நெறைய பேருக்கு வரும், தானா கொறையும், ஒரு மாசம் தாண்டியும் நிக்குதுன்னா கண்டிப்பா பாக்கணும்னாங்க. சாகணும்னு தோணுச்சான்னும் நேராவே கேட்டாங்க. அப்படி கேட்டது எனக்கு பயமா இல்ல, நிம்மதியா இருந்துச்சு.

இத முக்கியமா சொல்லணும். சாப்பிடுற மருந்து எல்லாத்தையும் பையோட கொண்டு வாங்கன்னு சொல்லியிருந்தாங்க. அதுல வலிக்கு குடுத்த டிராமடோல் இருந்துச்சு. டிப்ரெஷனுக்கு எனக்கு எழுதப் போற செர்ட்ராலின் மாத்திரையும் அதுவும் சேந்தா ஒடம்புல செரட்டோனின்ங்கற ரசாயனம் ஏறி ஆபத்தாகலாம்னு, டிராமடோல நிறுத்தி வெறும் பெனடோல் (பாராசிட்டமோல்) மட்டும் போட சொன்னாங்க. நாம பேசாம ரெண்டையும் முழுங்கியிருப்போம்.

மருந்து பாதி மாத்திரையில தொடங்குச்சு. முதல் வாரம் வயித்த பெரட்டுச்சு, மனசுல ஒரு மாத்தமும் இல்ல, தூக்கி போட்டுடலாம்னுதான் வந்துச்சு. நாலு வாரம் கிட்ட ஆகும்னு முன்னாடியே சொன்னதால இருந்தேன். கவுன்சிலர் மலாய்க்கார அக்கா, அட்வைசே பண்ணல. மனசு வந்தா செய்யலாம்னு நிக்காத, மணி பாத்து செய்னாங்க. காலையில ஏழுக்கு குளியல், எட்டுக்கு தண்ணீர்மலை பக்கம் பூங்காவுல நடை, கையில ரொட்டி இருந்தா கொரங்கு விடாது அது வேற விஷயம். முருகன் கோயிலு 513 படி, நான் கீழ நாலஞ்சு படி ஏறி எறங்குவேன், பிசியோ பொண்ணுக்கு இதுல ரொம்ப சந்தோஷம். தூக்கம்தான் முதல்ல திரும்புச்சு. சிரிப்பு ரொம்ப லேட்டா.

ராத்திரி கிளினிக் மூடியிருக்குற நேரத்துக்கு நம்பர் சேவ் பண்ணி வெச்சிக்கோங்க: மனசு கஷ்டத்துக்கு பேசுற ஹீல் லைன் 15555. அது கெடைக்கலன்னா கேஎல் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும் இருக்காங்க, பினாங்குல இருந்தும் அடிக்கலாம். நான் ஒரு தடவ அடிச்சேன். அந்தப் பக்கம் இருந்தவர் அவசரப்படுத்தாம கேட்டாரு, அவ்ளோதான், அன்னிக்கு அது போதும்.

சொக்சோல ரிட்டர்ன் டு வர்க்னு, அடிபட்டவங்கள திரும்ப வேலைக்கு சேக்குற திட்டம் ஒன்னு 2007ல இருந்து நடக்குது, கேஸ் மேனேஜர் ஒருத்தர் கம்பெனியோட பேசுவாரு. எனக்கு பேசி, உக்காந்து பண்ற செக்கிங் வேலை, பகல் ஷிப்ட் மட்டும்னு வாங்கி குடுத்தாரு. மாத்திரைய நல்லா ஆனப்பறமும் ஒரு ஆறு மாசமாவது போடணும், நிறுத்துறதும் டாக்டர் சொல்லித்தான், படிப்படியாத்தான். மோட்டோர் சாவி வீட்டுக்காரர்கிட்டயே இருக்கு. இப்ப கம்பெனி பஸ்லதான் போறேன், சீட்டு சன்னல் பக்கம் வேணாம்னு டிரைவர் அண்ணன்கிட்ட மொதல்லயே சொல்லி வெச்சிட்டேன்.