முகப்புப் படத்தில் ஒரு கூடை மாம்பழம்

காவேரிப்பட்டணத்துக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்தில் முந்தைய பருவத்தில் பறித்த செந்தூரா மாம்பழங்களைக் கூடையோடு படமெடுத்து, 2024 ஏப்ரலில் வாட்ஸ்அப் முகப்புப் படமாக வைத்தேன். அந்த மக்களவைத் தேர்தலில் பாட்டாளி மக்கள் கட்சி மாம்பழச் சின்னத்தில் போட்டியிட்டதால், இரண்டே நாளில் நான் கட்சிக்காரனாகிவிட்டேன். "என்னப்பா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்று பக்கத்து நிலத்துப் பெரியப்பா கேட்டார். பல ஆண்டுகளாக எங்களிடம் பெங்களூரா மாம்பழம் வாங்கும் மண்டிக்காரரோ பேச்சையே சுருக்கிக்கொண்டார்.

கரை வேட்டியை வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடலாம். கைப்பேசியில் வைத்த படமோ கடன் கேட்கும்போதும் இரங்கல் சொல்லும்போதும் கூடவே வந்து நிற்கிறது. பேஸ்புக் தன் சுயவிவரப் பக்கத்திலிருந்து அரசியல் சார்பு, மதம் ஆகிய பகுதிகளை 2022 டிசம்பர் 1 முதல் நீக்கியது சரியென்றே எனக்குப் படுகிறது. கட்டம் என்று ஒன்று இருந்தால், அதை நிரப்பாதவரைத்தான் ஊர் முதலில் சந்தேகிக்கும். அரசு ஊழியரான என் தங்கைக்கு இந்தச் சங்கடமே இல்லை. 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி அவள் எந்தக் கட்சியிலும் சேர முடியாது என்பதால், பிள்ளையார் படத்தோடு நிம்மதியாக இருக்கிறாள். (அவர் கையிலும் மாம்பழம் உண்டு என்பது வேறு கதை.)

நான் படத்தை மாற்றவில்லை. ஜூன் மாதம் மண்டிக்காரரின் லாரி வழக்கம்போல் வந்தது.