ஸ்லீவ் பத்தலீங்க மாஸ்டர்

பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டருக்குச் சொத்து என்றால், துணி வெட்டுவதற்காக அளவு போட்டு வரைந்து ஆணியில் தொங்கவிட்ட அட்டைகள்தான். திருப்பூரில் 1998இல் கட்டிங் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். நாலு வருஷம் துணியை அடுக்கடுக்காக விரித்து லே போட்டு, துணி சுமந்து, கத்தரி பிடித்த பிறகுதான் என் மாஸ்டர் அட்டையைத் தொடவே விட்டார். பின்னால் நானே மாஸ்டராகி, ஆணியில் என் அட்டைகள் தொங்க ஆரம்பித்தன.

2011இல் கம்பெனிக்கு, அட்டையைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் டிஜிட்டைசரும், அதை முழு அளவில் பேப்பரில் வரைந்து தரும் பிளாட்டரும் வந்து இறங்கின. அட்டை மொத்தத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும் என்றார்கள். வேலை முடிந்து பி.என். ரோட்டில் ஒரு மாடியில் ராத்திரி வகுப்புக்குப் போனேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். சொல்லிக்கொடுத்ததும் ஒரு சின்னப் பெண்தான்.

முதலில் தடுமாறியது வளைவில்தான். கழுத்து வளைவை பென்சிலால் போடும்போது கை தானாகத் திரும்பும், மௌஸில் அப்படித் திரும்பவில்லை. துல்லியமாக வரட்டும் என்று நெருக்கமாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். "அண்ணா, நாலு புள்ளி போதும். பதினஞ்சு வெச்சா கோடு நடுங்கும்" என்றார் அந்தப் பெண். எண்ணிப் பார்த்தால் பதினேழு வைத்திருந்தேன். பன்னிரண்டை அழித்ததும் வளைவு தண்ணீர் மாதிரி ஓடியது. முன்கழுத்தின் நடுவில், மடிப்புக்கோட்டைத் தொடும் இடத்தில், வளைவு செங்கோணமாக இறங்க வேண்டும். இல்லாவிட்டால் துணியை விரிக்கும்போது நடுவில் ஒரு மூக்கு நிற்கும். இதை என் கை இத்தனை வருஷமாகச் செய்துகொண்டுதான் இருந்தது. 'செங்கோணம்' என்று நான் அதை வாயால் சொன்னது அன்றைக்குத்தான்.

இன்னொரு சங்கடம், திரையில் எல்லாமே உள்ளங்கை அளவுக்குத் தெரிவது. குழந்தை பனியனும் டபுள் எக்ஸெல்லும் ஒரே உருவம். மேஜையில் அட்டையை விரித்தால் ஒரு இன்ச் தப்பைக் கண் பிடித்துவிடும், திரையில் பிடிக்காது. அதனால் முதல் ஒரு வருஷம் எதைப் போட்டாலும் பிளாட்டரில் முழு அளவுக்கு எடுத்து, தரையில் விரித்துச் சுற்றி நடந்து பார்ப்பேன். பேப்பர் வீண் என்று ஆபீசில் சொன்னார்கள். நான் விடவில்லை. இன்றைக்கும் புது ஸ்டைல் என்றால் அப்படித்தான்.

இனி, நான் சொல்ல வந்த விஷயம்.

டிஜிட்டைசர் என்பது சாய்வான ஒரு பலகை. அதன்மேல் அட்டையை ஒட்டி, ஓரத்தின்மேல் கூட்டல் குறி போட்ட கர்சரை நகர்த்தி, மூலைக்கு ஒரு பட்டன், வளைவுக்கு ஒரு பட்டன், துணிகளைப் பொருத்தித் தைக்க ஓரத்தில் போடும் அடையாளமான நாட்சுக்கு ஒரு பட்டன் என்று அழுத்திக்கொண்டே வர வேண்டும். அப்படி நான் ஏற்றிய முதல் அட்டை, எங்கள் கம்பெனியில் அதிகம் ஓடிய ஆண்கள் ரவுண்ட் நெக் டி-ஷர்ட், மீடியம் சைஸ். ஏற்றியதும் ஆர்ம்ஹோல், அதாவது ஸ்லீவ் பொருந்தும் கைத்துளையின் அளவை எடுத்தேன். தையலுக்கு விட்டது போக, முன்னும் பின்னும் சேர்த்து 46.8 செ.மீ. அதோடு சேர்த்துத் தைக்க வேண்டிய ஸ்லீவின் மேல் வளைவு 45.5 செ.மீ. திரும்ப எடுத்தேன். அதே 1.3 செ.மீ. குறைவு.

அந்த ஸ்டைலுக்கு 'ஆர்ம்ஹோல் பக்கரிங்' என்று ஆர்டர் கொடுக்கும் பையரிடமிருந்து திரும்பத் திரும்பக் கமெண்ட் வந்திருந்தது. அக்குள் பக்கம் தையல் சுருங்கி நிற்கிறதாம். ஒவ்வொரு தடவையும் ஓவர்லாக் தையல் மெஷினில் துணியை நகர்த்தும் ஃபீட் தப்பு என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவோம், டைலரைத் திட்டுவோம். நானும் திட்டியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் லைனுக்குப் போனேன். ஸ்லீவ் ஏற்றும் அக்கா பதினோரு வருஷமாக அந்த மெஷினில் இருப்பவர். பக்கத்தில் நின்று அவர் கையை மட்டும் பார்த்தேன். தோள்பட்டைப் பக்கம் துணியை அதன் போக்கில் விட்டார். அக்குளை நெருங்கும்போது இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஸ்லீவை லேசாகக் கவ்வி முன்னால் இழுத்தன, கண் சிமிட்டும் நேரம்தான். இரண்டு ஓரமும் சரியாக ஒரே இடத்தில் முடிந்தன. அடுத்த பீஸிலும் அதே இழுப்பு, அதே இடத்தில்.

"எப்பவும் இப்படித்தான் இழுப்பீங்களாக்கா?"

"ஸ்லீவ் பத்தலீங்க மாஸ்டர். இங்க கொஞ்சம் இழுத்துக்கிட்டா சரியா வந்துரும்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"உங்க அட்டையப் போய் நான் தப்புன்னு சொல்றதுங்களா?"

பதில் வரவில்லை எனக்கு. ஒரு நாளைக்கு எத்தனை நூறு பீஸ், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்லீவ். நான் குறைத்த துணியை அந்த விரல்கள் ஒவ்வொரு தடவையும் இழுத்துக் கொடுத்திருக்கின்றன. இழுத்துத் தைத்த துணி, துவைத்ததும் பழைய நிலைக்குச் சுருங்கத்தானே செய்யும்? கமெண்ட் அதனால் வந்திருக்கிறது. திட்டு அவருக்குப் போயிருக்கிறது.

தப்பு எப்படி வந்தது என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். எப்போதோ பையர் கேட்டு ஆர்ம்ஹோலை அரை இன்ச் இறக்கியிருந்தேன். ஸ்லீவைக் கண் மதிப்பில் சரிக்கட்டி, இன்ச் டேப்பை வளைவில் நிறுத்தி அளக்காமல் விட்டிருக்கிறேன். கிழிந்த அட்டையை வைத்துப் புது அட்டை வரையும்போது பென்சில் கோட்டின் தடிமனும் ஒவ்வொரு முறை கூடும். ஆணியில் தொங்கியவற்றில் எத்தனை அட்டைகள் அப்படி என்பதை ஒவ்வொன்றாக ஏற்றி அளந்தபோதுதான் கண்டேன். ஆறு மாதம் பிடித்தது.

ஷிரிங்கேஜ் கணக்கும் அதே சமயத்தில்தான் உறைத்தது. துணி 8 சதவீதம் சுருங்கினால் 70 செ.மீ. உயரத்துக்கு 8 சதவீதம் கூட்டி 75.6 வைப்பது பழைய பழக்கம். அது சுருங்கினால் 69.55தான் நிற்கும். 70ஐ 0.92ஆல் வகுத்து 76.1 வைக்க வேண்டும். அரை சென்டிமீட்டர்தானே என்று விட்டால், அளவில் ஒரு சென்டிமீட்டர் கூடக்குறைய அனுமதிக்கும் பையரிடம் பாதியை நாமே செலவழித்த மாதிரி.

நான் பழகிய சாஃப்ட்வேர் கெர்பர் கம்பெனியுடையது. ஜோசஃப் கெர்பர் என்பவர் வியன்னாவில் பிறந்த யூதர். 1940இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர். பொறியியல் மாணவராக இருந்தபோது, பைஜாமா இடுப்பிலிருந்து எலாஸ்டிக்கை உருவி, அதில் அளவுக்கோடு போட்டு, இழுத்தால் கோடுகளும் சேர்ந்து விரியும் அளவுகோல் ஒன்று செய்தாராம். படித்தபோது அந்த அக்காவின் விரல்கள்தான் ஞாபகம் வந்தன. பின்னல் துணியும் அப்படித்தானே? எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறோமோ அவ்வளவு அளவு காட்டும்.

இப்போது சில பையர்கள் முதல் சாம்பிளைத் தைக்காமல் திரையிலேயே முப்பரிமாணத்தில் கேட்கிறார்கள். அதையும் பழகிக்கொண்டிருக்கிறேன். துணி எங்கே இழுபடுகிறதோ அங்கே சிவப்பாகக் காட்டும். போன மாதம் அந்தப் பழைய 45.5 ஸ்லீவையே அதில் தைக்கவிட்டு, அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆர்ம்ஹோலைச் சுற்றி முழுக்க இளஞ்சிவப்பு ஒரே சீராகப் படர்ந்திருந்தது.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "இல்லீங்களே மாஸ்டர். மேலயெல்லாம் நான் இழுக்கவே மாட்டேன். தோள்ல இழுத்தா தெரிஞ்சு போயிருமே. இங்கிருந்து இது வரைக்குந்தான்" என்று திரைமேல் விரல் வைத்தார்.

கம்ப்யூட்டர் அந்தக் குறையை வளைவு முழுக்கச் சமமாகப் பங்கு போட்டிருந்தது. அவர் விரல் தொட்ட இரண்டு இடத்திலும் நாட்ச் போட்டேன். நடுவில் மட்டும் இழுத்துத் தைக்கும்படி கொடுத்ததும் சிவப்பு அக்குளுக்குக் கீழே இறங்கியது.

"ஆமாங்க, இதேதான்" என்றார்.