பக்கத்துப் பிக்சலைப் பார்த்து எழுதிய மாடல்

முதுகலை கடைசி வருடப் புராஜெக்ட்டுக்கு நான் எடுத்தது செங்கல்பட்டு மாவட்ட ஏரிகள். செயற்கைக்கோள் படத்தில் எது தண்ணீர், எது இல்லை என்று கணினியே பிரித்துச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் 10 மீட்டர். உதாரணப் பிக்சல்களைப் பார்த்துப் பிரிக்கக் கற்றுக்கொள்ளும் மாடல் சீக்கிரமே தயாராகிவிட்டது. துல்லியம் நூற்றுக்குப் பக்கத்தில். தலைகால் புரியவில்லை எனக்கு.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “டெஸ்ட் பிக்சலை எங்கேருந்து எடுத்தீங்க?”

“அதே ஏரிகள்லேருந்துதான் சார், ரேண்டமா.”

“அப்போ பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்து எழுதியிருக்கு உங்க மாடல்.”

அவர் சொன்னது சரிதான். அருகருகே இருப்பவை ஒன்றுபோல இருக்கும் என்று புவியியலாளர் வால்டோ டோப்லர் 1970-லேயே சொன்னதை முதல் செமஸ்டரில் மனப்பாடம் செய்து எழுதியவன் நான். மதுராந்தகம் ஏரியின் நடுவிலிருந்து ஒரு பிக்சலைப் பயிற்சிக்கும் அதை ஒட்டிய பிக்சலைத் தேர்வுக்கும் வைத்தால், விடை முன்பே கையில் இருக்கிறது. பிக்சல் பிக்சலாகப் பிரிக்காதீர்கள். சில ஏரிகளை முழுதாக ஒதுக்கி வையுங்கள், மாடல் கண்ணில் காட்டவே காட்டாதீர்கள்.

அப்படிச் செய்ததும் துல்லியம் சரசரவென்று இறங்கியது. எங்கே தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. நாற்று நட்ட வயலைத் தண்ணீர் என்றது, ஆகாயத்தாமரை மூடிய ஏரியைச் செடி என்றது. வயலுக்கு வழி சுலபம்: பல தேதிப் படங்களைச் சேர்த்துக் கொடுத்தால் போதும், சில வாரத்தில் வயல் பச்சையாகிவிடும், ஏரி ஆகாது. ஆகாயத்தாமரை அப்படி மசியவில்லை. இலை அண்மை அகச்சிவப்பு ஒளியை அள்ளித் திருப்பி அனுப்பும், தண்ணீர் விழுங்கிவிடும். படத்தில் தண்ணீரைக் கண்டுபிடிக்கப் போடும் கணக்கான நீர்க் குறியீடு நம்பியிருப்பதே இந்த வித்தியாசத்தை. மேலே இலை மூடினால் அடியில் இருக்கும் நீர் அதற்கு இல்லாத மாதிரிதான். கடைசியில் ‘செடி மூடிய நீர்’ என்று தனி வகையே வைத்தேன். எந்த இடம் அந்த வகை என்று லேபிள் போட பைக்கை எடுத்துக்கொண்டு கரை கரையாகப் போக வேண்டியிருந்தது. திரையைப் பார்த்தே போட்டுவிடலாம் என்று நினைத்து ஒரு வாரம் வீணானது தனிக்கதை.

ஏரிகளின் எல்லைக் கோப்பு டிகிரியில், படம் மீட்டரில் இருந்தால் முதலில் ஒன்றாக்குங்கள். தமிழ்நாட்டின் குறுக்கே 78 டிகிரி தீர்க்கரேகை போகிறது. இடத்தை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறையில் அதன் இரு பக்கமும் வேறு வேறு மண்டலம்: கோயம்புத்தூர் 43, செங்கல்பட்டு 44.

எடுத்தவுடன் யு-நெட் போன்ற டீப் லேர்னிங் மாடல் பக்கம் போகாதீர்கள். பல முடிவு மரங்களின் ஓட்டை எண்ணி விடை சொல்லும் ரேண்டம் ஃபாரஸ்ட் சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும், எந்த அலைவரிசை உதவியது என்றும் காட்டும். அடிப்படைக்கு டேராடூனில் இருக்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனமான ஐஐஆர்எஸ்ஸின் இலவச ஆன்லைன் வகுப்புகள் இருக்கின்றன.

இன்னொன்று, ஏரி நிரம்புவது வடகிழக்குப் பருவமழையில். அப்போதுதான் வானம் முழுக்க மேகம். மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடார் படம் சென்டினல்-1-இல் கிடைக்கும். நான் நவம்பர் முழுக்க மேகமில்லாத படம் தேடி உட்கார்ந்திருந்தேன்.