இரவில் மட்டும் கேட்காத ஏசி ரிமோட்

மட்டக்களப்புக் கல்லடியில் கச்சான் என்கிற வறண்ட சூடான காற்று அடிக்கிற மாதங்களில் பகலில் சூடேறிய சுவர் விடியும்வரை ஆறாது. ஒப்பரேஷன் முடிந்து அப்பா படுக்கையில் இருந்ததால் அவருடைய அறைக்கு மட்டும் ஏசி பூட்டியிருந்தோம், அதுவும் கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் மட்டும்தான் போடுவது. ஆடி மாதம் ஒரு இரவு ரிமோட்டை எத்தனை தரம் அழுத்தியும் ஏசி அசையவே இல்லை. "மனே, எனக்கு இருக்கேலாம வேர்க்குது" என்று அப்பா சொல்ல, அம்மா விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்துவிட்டா.

ஏசியின் ட்ரிப் சுவிட்சை இறக்கி ஐந்து நிமிடம் விட்டு ஏற்றினேன், மாற்றமில்லை. ரிமோட் திரையில் 24 என்று தெளிவாகத் தெரிந்ததால் பற்றரி நல்லது என்று நினைத்தேன். அது பிழை. அந்தத் திரைக்கு வேண்டிய மின்சாரம் மிகச் சொற்பம், ஆனால் முனையில் இருக்கிற சின்ன எல்இடிக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும், அதனால் பற்றரி இறங்கிப்போனாலும் திரை எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அல்கலைன் பற்றரி கசிந்தால் அப்படித்தான் வரும். பஞ்சுக்குச்சியில் இரண்டு சொட்டுத் தேசிப்புளி தொட்டுத் தேய்க்க இளகி வந்தது, ஈரம் போகத் துடைத்துக் காயவிட்டு புது 1.5 வோல்ட் பற்றரி இரண்டு போட்டேன். அப்போதும் இல்லை.

கட்டாரில் ஏசி வேலை செய்கிற மச்சானுக்கு அழைத்தேன். "போன் கமராவால பாத்தியா?" என்றுதான் முதலில் கேட்டார். ரிமோட் அனுப்புவது அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். பின் கமராவில் அதை வடிகட்டிவிடுகிற போன்கள் இருப்பதால் செல்ஃபி கமராவைப் பிடிப்பது நல்லது. ஏசி ரிமோட் ஒரு தரம் அழுத்தினால் ஒரு தரம்தான் மின்னும், ஆகவே அறையை இருட்டாக்கி இமைக்காமல் பார்க்க வேண்டும். ஊதா கலந்த வெள்ளையாக ஒரு மினுக்கம் தெரிந்தது. அப்படியென்றால் ரிமோட்டில் பிழையில்லை. புது ரிமோட் வாங்கக் கல்லடிப் பாலம் தாண்டிப் போக இருந்தவன் நின்றுவிட்டேன்.

அடுத்து ஏசியின் முன் மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தச் சொன்னார். அழுத்தியதும் பீப் என்று சத்தம் வந்து குளிர்காற்று வந்தது. இந்தப் பொத்தானை வீட்டில் உள்ள எல்லாருக்கும் காட்டி வையுங்கள், அன்றிரவு அப்பா தூங்கியது இதனால்தான்.

மறுநாள் காலை கட்டிலில் இருந்தபடியே ரிமோட்டை அழுத்திப் பார்த்தேன், பீப்! சரி, தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டால் இரவு திரும்பவும் அதே கதை. அடுத்த நாள் பின்னேரம் டவுனில் இருந்து ரிப்பேர் செய்கிறவர் வந்தார், இருட்டிவிட்டதால் லைற்றைப் போட்டுத்தான் பார்த்தார். அவருடைய ரிமோட்டுக்கும் ஏசி கேட்கவில்லை. ஏசிக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டு போய்விட்டது, 18,000 ரூபாய் ஆகும் என்றார்.

திரும்ப மச்சானுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பகலில கேக்குது, இரவில கேக்குதில்ல எண்டா, இரவில அந்த அறையில புதுசா என்ன எரியுது?" என்று கேட்டார்.

ஏசிக்குப் பக்கத்தில் இருந்த ரியூப் லைற் பழுதாகி, அந்த வாரம்தான் குசினியில் கிடந்த, வளைந்த குழாய் மாதிரி இருக்கிற பழைய சிஎஃப்எல் பல்பு ஒன்றை அந்த இடத்தில் மாட்டியிருந்தேன். அதை நிறுத்தி அழுத்தினேன், பீப். போட்டு அழுத்தினேன், ஒன்றுமில்லை. நம்ப முடியாமல் மூன்று தரம் மாற்றி மாற்றிச் செய்தேன், மூன்று தரமும் அப்படியே.

மச்சான் விளக்கியது இதுதான். ரிமோட்டின் ஒளி செக்கனுக்குக் கிட்டத்தட்ட 38,000 தரம் துடிக்கும், ஏசியில் அந்தச் சிக்னலைப் பிடிக்கிற கண் அந்தத் துடிப்பை மட்டும்தான் தேடும். சிஎஃப்எல் பல்புக்குள் இருக்கிற சர்க்யூட்டும் அதே மாதிரி பல்லாயிரம் தரம் துடிக்கிறது, அதன் வெளிச்சத்தில் அகச்சிவப்பும் உண்டு. பக்கத்திலேயே அது எரிந்துகொண்டிருந்தால் ரிமோட்டின் சிக்னல் அந்த இரைச்சலில் அமுங்கிப்போகும். நேர்வெயில் ஏசியின் அந்தக் கண்ணில் பட்டாலும் இப்படி நடக்குமாம், ரிவிக்கும் ரிமோட் ஃபேனுக்கும் இதே கண்தான்.

போர்டு கொண்டுவர வேண்டாம் என்று ரிப்பேர்காரருக்கு அழைத்துக் காரணத்தையும் சொன்னேன். எந்தப் பல்பு, எவ்வளவு தூரத்தில் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார். இப்போது எதிர்ச் சுவரில் ஒரு எல்இடி பல்பு எரிகிறது, பழையதைக் கழற்றிக் கிணற்றடியில் மாட்டியாயிற்று.