அன்னம்மாளுக்கு அம்மா வைத்த பொருத்தனை

செம்பனைக் குலை ஏற்றிய லோரி சரிந்து அண்ணன் மருத்துவமனையில் கிடந்த அன்றே அம்மா பொருத்தனை வைத்துவிட்டார். அவன் எழுந்து நடந்தால் மலேசியாவில் புக்கிட் மெர்த்தாஜம் கோயிலில் இருக்கும், மரியாளின் தாயான புனித அன்னம்மாளுக்கு ஆளுயர மெழுகுவர்த்தி. இப்போது அவன் தடியூன்றி நடக்கிறான். ஜூலை பிறந்ததும் அம்மா நச்சரிக்கத் தொடங்கினார்.

விபத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் உருப்படியான தூக்கம் இல்லை. நள்ளிரவில் போன் அடித்தால் நெஞ்சு பதறும். பாடாங் செராயில் எந்தக் கடையில் நின்றாலும் தோட்டம் கைமாறப்போகிறது, லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்களைக் கிளப்பப்போகிறார்கள் என்ற பேச்சுத்தான். வாட்ஸ்அப்பைத் திறந்தால் அதைவிடப் பயங்கரம். ஜெபமாலையைக் கையில் எடுத்தாலும் மனம் வேறெங்கோ ஓடிவிடும்.

கூலிம் வழியாகப் போனால் அதிகம் தூரமில்லை. ஆனால் திருவிழா நாளில் அந்தச் சாலையில் கார் நகர்வதே பெரும்பாடு. கோயிலை நெருங்கியதும் கொடியை ஆட்டிக்கொண்டு ஆட்கள் பாய்ந்து வந்தார்கள். யார் வீட்டு முற்றத்திலோ காரை நிறுத்த அவர்கள் கேட்ட காசுக்கு ஒரு நல்ல கோழியே வாங்கலாம். பூமாலைக்காரரும் விடவில்லை. "இந்த மெழுகுவர்த்தி ஏற்றினால்தான் வேண்டுதல் பலிக்கும்" என்று கடைக்காரர் ஒருவர் மிரட்டியபோது அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் ஆள் வாயடைத்துப் போனார்.

2002இல் எழும்பிய பெரிய கோயிலில் தமிழ்த் திருப்பலி. கால் வைக்க இடமில்லை. பின்னால் குழந்தைகள் வீறிட்டன, ஒலிபெருக்கி கரகரத்தது. "அமைதியை உங்களுக்கு விட்டுச்செல்கிறேன்" என்று ஃபாதர் சொன்ன நேரத்தில் பக்கத்தில் ஒருவருடைய போன் அலறியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

திருப்பலி முடிந்ததும் அம்மா 1888இல் கட்டிய பழைய கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். 2019இல் பசிலிக்கா என்று வத்திக்கான் தரும் சிறப்புப் பட்டம் கிடைத்ததெல்லாம் அவருக்குப் பெரிய விஷயமில்லை. மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் (1948–60) இந்த மலையடிவாரத்தை அவர்கள் நடமாடும் ஆபத்தான 'கருப்புப் பகுதி' என்று அறிவித்து, பக்தர்கள் வரவே தடை விதித்திருந்தார்களாம். தாத்தா தோட்டத்திலிருந்தே மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவாராம். வரிசை நகரும் வரை அம்மா இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெழுகுவர்த்தியை நான் பிடிக்கிறேன் என்றேன், அம்மா தரவில்லை. அன்னம்மாள் சுரூபத்தின் முன் நின்றபோது உருகிய மெழுகு அவர் விரல்களில் வழிந்தது. இத்தனை வருடம் ரப்பர் பால்மரம் வெட்டிக் காய்ப்பேறிய விரல்கள். கத்தி பிடித்துப் பிடித்து ஆள்காட்டி விரல் நிமிராமலே போய்விட்டது. சூட்டுக்குக் கையை உதறவில்லை, முகமும் சுளிக்கவில்லை. என்னென்னவோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "தாயே, பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய். வந்துவிட்டேன்" என்றார். அவ்வளவுதான். வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, தோட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நானோ மனதுக்குள் ஒரு நீளப் பட்டியலே வைத்திருந்தேன். அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. பின்னாலிருந்தவர்கள் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் எத்தனையோ இரவுகளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த படபடப்பு அங்கேயே இறங்கிவிட்டது. அது என் முயற்சியில் நடந்ததில்லை, இயேசுவின் இரக்கம்.

புட்டிகளில் ஊற்றுத் தண்ணீர் பிடித்துக்கொண்டோம். சீனக் குடும்பம் ஒன்று அம்மாவுக்கு வரிசையில் இடம் விட்டது. ஆண்டவர் அவர்களையும் ஆசீர்வதிக்கட்டும்.

தோட்டம் கைமாறும் பேச்சு இன்னும் ஓயவில்லை. அம்மா இரவு ஒன்பதுக்கே படுத்து நன்றாகத் தூங்குகிறார். அடுத்த வருடம் தானே காரோட்டிக் கூட்டிப்போவதாக அண்ணன் சொல்லியிருக்கிறான். ஓட்டுவான். அன்னம்மாளே, உமக்கு நன்றி. மரியே வாழ்க!