இரு பெயரும் ஒருவரே

விரிவுரையாளர் வேலை கிடைத்த கதையை எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். நேர்காணல் சுலபம்: ஐந்து பேர், ஒரு மாதிரிப் பாடம், சில கேள்விகள், முடிந்தது. வேலை கிடைத்த பிறகு வந்த நான்கு மாதம்தான் கதை.

நான் தென்னாப்பிரிக்காக்காரன். பி.ஏ. டர்பனில், எம்.ஏ. தமிழ்நாட்டில், முனைவர் பட்டம் மறுபடியும் டர்பனில். நடுவில் இருப்பது வெளிநாட்டுப் பட்டம் என்பதால் சாக்வாவின், அதாவது தென்னாப்பிரிக்கக் கல்வித் தகுதி ஆணையத்தின், மதிப்பீட்டுச் சான்று வேண்டும். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று நியமனக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. நான் முதல் பக்கத்தில் சம்பளத்தைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

விண்ணப்பம் இணையத்தில்தான். ஸ்கேன் செய்து ஏற்றும்போதுதான் என் எம்.ஏ. சான்றிதழை ஒழுங்காகப் பார்த்தேன். பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் கோவெண்டர். சான்றிதழில் அது இல்லை. பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும். சேரும்போதே அந்தப் பல்கலைக்கழகத்தின் எழுத்தர் ஒருவர் பேனாவால் அடித்தது நினைவுக்கு வந்தது. "கவுண்டர்தானே இது? இங்கே யாரும் சாதிப் பெயர் போடுறதில்லை தம்பி, இனிஷியல் போதும்." அப்போது எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது. இரண்டு பெயரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

போலீஸ் ஸ்டேஷனில் அபிடவிட் எழுதிக் கொடுத்தேன். பைசா செலவில்லை, பத்து நிமிடம். ஆனால் அது நான் சொல்வதுதானே, பட்டம் கொடுத்தவர்கள் சொல்ல வேண்டும். சரி, தமிழ்நாட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று வாரம் பதில் இல்லை. அப்புறம் கூடப் படித்த நண்பனைப் பிடித்தேன். பாவம், அரை நாள் பஸ்ஸில் போய்விட்டு அங்கிருந்து கூப்பிட்டான். "மச்சான், செலான் கட்டிட்டேன். ஆனா உன் கையெழுத்து போட்ட அதிகாரக் கடிதம் வேணுமாம். பிரின்ட் அவுட் ஆகாதாம், பேனா மையில கையெழுத்துப் போட்ட ஒரிஜினல்தான் வேணுமாம்." முதல் பயணம் வீண். கூரியரில் கடிதம் போனது. இரண்டாவது முறை போனபோது செக்‌ஷனில் ஆள் இல்லை. மூன்றாவது முறைதான் கிடைத்தது, உண்மைத்தன்மைச் சான்றும் பெயர் விளக்கக் கடிதமும். தமிழ்நாட்டில் படித்த நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: இந்த இரண்டையும் பட்டம் வாங்கும்போதே கேட்டு வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

அதோடு முடிந்ததா? பெயர் விளக்கக் கடிதம் தமிழில் இருந்தது. நல்ல தமிழ், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நீதிமன்றத்தில் பதிவான மொழிபெயர்ப்பாளர்தான் அதை ஆங்கிலத்தில் தர வேண்டும். வரலாற்றுத் துறையில் என்னை எடுத்ததே தமிழ் ஆவணம் வாசிக்கத் தெரியும் என்பதற்காக. என் கடிதத்தை நானே மொழிபெயர்க்கக் கூடாது. டர்பனில் கோவெண்டரும் நாயுடுவும் தெருவுக்குத் தெரு உண்டு, தமிழ் வாசிக்கிறவரைத் தேடினால்தான் தெரியும். இரண்டு வாரம் அலைந்து ஒருவரைப் பிடித்தேன். கடிதம் எட்டே வரி. கட்டணத்தைச் சொன்னால் அம்மா திட்டுவார்.

இதற்குள் மூன்று மாதம் ஓடியிருந்தது. மனிதவள அலுவலகத்தில் இருந்த பெண்மணி கோப்பைப் புரட்டிவிட்டு, சான்றொப்பமிட்ட நகல்களுக்கு மூன்று மாதம்தான் ஆயுள், எல்லாவற்றையும் புதிதாகக் கொண்டுவாருங்கள் என்றார். நகலுக்கு முத்திரை போடுவதும் இங்கே போலீஸ் ஸ்டேஷனில்தான் என்பதால் மறுபடியும் அங்கே போனேன். நகலில் முத்திரை வாங்குவதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலேயே சுறுசுறுப்பாகச் செய்தால் என் கதிதான்.

நடுவே இன்னொரு படிவம் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் தங்கள் கல்விப் பின்னணி, ஆய்வு ஆர்வம் பற்றி 150 சொல்லில் எழுதித் தர வேண்டும். என்னோடு சேர்ந்தவர்களில் ஒருவர் கரும்பைத் துளைக்கும் எல்டானா புழுவை ஆராய்கிறார், இன்னொருவர் ஜூலு மொழி இலக்கணம். அவர்கள் அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். நான் "புலம்பெயர்வு, அடையாளம், நினைவு" என்று எழுதியதைத் துறைத்தலைவர் திருப்பி அனுப்பினார். இது யாருக்கும் பொருந்தும், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

கோபம் வந்தது. ஆனால் மேஜையில் அந்த எட்டு வரிக் கடிதம் கிடந்தது. என் பெயர் வந்த வழியையே எழுதலாம் என்று தோன்றியது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ டர்பனுக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கப்பல் பதிவேட்டில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் என்று தனித்தனிப் பத்திகள். அதில் சாதிப் பத்தியில் இருந்த சொல் பல வீடுகளில் பிற்பாடு குடும்பப் பெயராக நின்றது. முதலி மூட்லி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார். இங்கே எழுதி ஒட்டியதை அங்கே ஓர் எழுத்தர் பேனாவால் அடித்தார். அந்தச் சொல் எந்தத் தலைமுறையில், எந்தக் காகிதத்தில் பத்தி மாறியது என்பதைத்தான் தேடுகிறேன் என்று எழுதினேன். 150 சொல் போதவில்லை. துறைத்தலைவர் ஒரு கமாவை மட்டும் திருத்தினார்.

சாக்வா சான்று நான்காம் மாதக் கடைசியில் வந்தது, கோவெண்டர் என்ற பெயரிலேயே. நண்பனுக்குப் போன் செய்தேன். "அப்ப இனிமே உன்னை கவுண்டரேன்னு கூப்பிடலாமா?" என்றான். மூன்று பஸ் பயணத்துக்கு அவனுக்கு நான் இன்னும் காசு கொடுக்கவில்லை.