மூன்று வேளை

“ரெண்டு வேளையும் தேய்க்கிறேன் டாக்டர், அப்புறம் எப்படிச் சொத்தை விழும்?” என்று அந்தப் பேருந்து நடத்துனர் கேட்டார். “தேய்க்கிறது பத்தலை, இன்னும் நல்லாத் தேயுங்க” என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

ஓ.பி. சீட்டை எடுக்க அவர் சட்டைப் பையில் கைவிட்டபோது நாலைந்து ஆரஞ்சு மிட்டாய்களும் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றும் கூடவே வந்தன. நான் பார்த்தேன், கேட்கவில்லை. வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் கேள்விக்கு அரை நிமிடம் போதும் என்பதும் உண்மை.

எட்டு மாதம் கழித்து மேலும் இரண்டு சொத்தைகளுடன் வந்தபோதுதான் கேட்டேன். நரம்பு வலிக்காக இரவில் போடும் அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்துகிறது. கத்திக் கத்தித் தொண்டையும் வறள்வதால் பணிநேரம் முழுவதும் மிட்டாயை அடக்கிக்கொள்கிறார். ஒவ்வொரு மிட்டாய்க்கும் பல்லின் மேற்பரப்பில் அமிலம் கூடி, பி.எச். (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். அதை மீட்க வேண்டிய உமிழ்நீரே அவரிடம் குறைவு. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம் என்பதை, ஸ்வீடனில் மனவளர்ச்சி குன்றியோருக்கான விபெஹோல்ம் காப்பகத்தில், சம்மதம் கேட்கப்படாத நோயாளிகளுக்கு டாஃபி கொடுத்து நடத்திய ஆய்விலிருந்து (1954-இல் வெளியானது) தேர்வுக்காகப் படித்தவன்தான் நான்.

“நீங்க சொன்ன மாதிரி மூணு வேளை தேய்க்கிறேன், ஹார்டு பிரஷ்ஷே வாங்கிட்டேன்” என்றார், பெருமையாக. கடைவாயருகே ஈறு இறங்கி, பல்லின் கழுத்தில் நகக்கண் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. புதிய சொத்தைகளும் அந்த வேர்ப்பகுதியில்தான். எனாமல் மூடாத அந்த இடம் லேசான அமிலத்துக்கே கரையும்.

அந்தத் தேய்மானம் முன்பே இருந்திருக்கலாம். எட்டு மாதத்தில் அவ்வளவு விழாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். முதல் வருகையில் ஈற்றின் நிலையை நான் குறித்துவைக்காததால் அதை நிரூபிக்கவும் வழியில்லை. மிட்டாயை அன்றே நிறுத்தச் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரா என்றும் தோன்றுகிறது. ஆனால் மூன்று வேளை தேய்த்தவர் அதையும் கேட்டிருப்பார்.

அவருடைய கேஸ் ஷீட்டில் முதல் தேதிக்கு நேரே, என் கையெழுத்தில், ‘பல் துலக்கும் முறை விளக்கப்பட்டது’ என்று இருக்கிறது. நான் விளக்கவில்லை.